முகத்துக்கு அரைத்த வெள்ளை

முகத்துக்குப் பூசும் வெள்ளையை நிதானமாக அரைக்க வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் திப்பி திப்பியாக நிற்கும். காண்டன் துறைமுகத்தில், தாம் என்ற முதலாளியின் படக்கடையில் எனக்கு வண்ணம் அரைக்கும் வேலை. அங்கே ஒரு படத்தை ஒருவரே வரைவதில்லை. முதலாளியின் மூலப்படத்தைப் பார்த்து ஒருவர் கோடிழுப்பார், ஃபூக் என்பவன் உடைகளுக்கு வண்ணம் தீட்டுவான், யிப் சுன் என்பவன் முகத்துக்கு மட்டும். நாவிதன், மீன்காரி என்று சீனத் தெருத்தொழிலாளர் படங்களை வெள்ளைக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்கள்.

என் மனைவி லான் தெருமுனையில் கிழிசல் தைப்பவள். அவளும் படமானாள். அவள் முகம் நிறைய அம்மைத் தழும்பு. படத்தில் ஒன்றுகூட இல்லை.

ஃபூக் சிரித்தான். “டேய் காம், உன் பொண்டாட்டிய நீ பாத்தத விட சுன் அண்ணன் நல்லா பாத்திருக்காரு போல. கன்னத்த எப்படி வழவழன்னு தடவி வச்சிருக்காரு பாரு.”

நான் குவான்யின் அம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றாமல் வேலைக்கு வந்ததில்லை. ஆனாலும் அந்தக் கோபம் அடங்கவில்லை. என் மனைவியின் கன்னத்தை அந்தச் சுன் தினமும் தூரிகையால் தொடுகிறான். அரைக்க அரைக்கக் கோபம் ஏறியது. சுன் தூரிகை நுனியை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவான். வெள்ளையில் பாஷாணம் கலந்தேன். நிறம் மாறவில்லை.

அவன் நோயில் படுத்ததும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். “உனக்குப் புண்ணியமா போகும் தம்பி,” என்றான். பிறகு இறந்துபோனான்.

அவன் இடத்துக்கு ஹோ சேங் வந்தான். லானின் முகத்தில் தழும்புகளை ஒன்றுவிடாமல் வைத்தான்.

“இதாண்டா நான் தெருவுல பாத்து வரைஞ்ச முகம்,” என்றார் முதலாளி. “சுன் யார் முகத்துலயும் குறை வைக்க மாட்டான். நாவிதன் கோண வாய நேராக்குவான், மீன்காரிக்கு இன்னொரு கண்ணு வைப்பான். ‘கடல் தாண்டிப் போறாங்க, நல்ல முகத்தோட போகட்டுமே’ம்பான்.”

லான் புதிய படத்தைப் பார்த்தாள். “அந்தப் பழைய அண்ணன் இருந்திருக்கலாம்,” என்றாள். அதன்பின் தெருமுனைக்குப் போகவில்லை.

ஹோ சேங் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்டீர்கள். அதே வெள்ளைதான், இம்முறை கொஞ்சம் தாராளமாக. சுன் அத்தனை பேருக்கும் செய்த நல்லதை அவன் ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தான், ஐயா. செத்துப்போன அந்த நல்ல மனிதருக்காகக் கோபப்பட என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?