சக்கரம் இல்லாத விமானத்துக்கு எலுமிச்சம்பழம்

வில்லியனூர் பஸ்ல முன்சீட்டு மீசைக்காரரு, "நேத்து மட்டும் ஏழு தடவ செத்துட்டேம்பா"ன்னாரு. சைக்கிளயே நேரா ஓட்டத் தெரியாத நான் காத நீட்டிக்கினேன்.

மிலிட்டரியில பைலட்டுங்கள பழக்குன பழைய மிஷினாம். தரையிலயே நிக்கும், ஸ்கிரீன்லதான் ஆகாசம். மியூசியத்துல ஜனங்க ஏறிப் பாக்கறதுக்காக ரிப்பேர் பண்றாங்களாம்.

"ஏறுனதும் வலது பக்கமாவே திரும்பி கடல்ல வுழுதுடா. நாளைக்கு தொறப்பு விழா. ஓடலன்னா என் வேலயே போயிடும். மூணு நாளா ஒயரெல்லாம் பிரிச்சி பாத்துட்டேன்."

பக்கத்துல இருந்த வெல்டரு, "பூஜ போட்டமேண்ணா"ன்னாரு.

"இன்னா பூஜ? எலுமிச்சம்பழம் வக்க அதுக்கு சக்கரமே இல்லியே!"

"அதான்ணா, இடது பெடலுக்கு அடியில சொருவி வச்சேன்."

"அடப்பாவி! அத மிதிச்சாதானடா இடது பக்கம் திரும்பும்! போனதும் மொதல்ல பழத்த எடுடா!"

வெல்டரு மூஞ்சி வெளுத்துப்போச்சி. "எடுத்துட்டா ஆக்சிடென்ட் ஆயிடாதாண்ணா?"