கோத்த கை

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால லோக்கலில், எதிர் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட வாட்டசாட்டமான இருவர்.

"அங்க போயி எவன் கையப் புடிச்சுக்கினு நிப்ப?" என்று தாடிக்காரர் கேட்டதும்தான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"ஹரியானாக்காரன் ஒர்த்தன். தமிழ் தெரியாதாம்," என்றார் முழங்காலில் பட்டை கட்டியவர்.

விஷயம் கபடி. கம்பெனி டீமில் இருவரும் ஜோடியாகக் கைகோத்து நின்று பிடிக்கிறவர்கள். பட்டைக்காரரை மட்டும் இப்போது ஒரு பெரிய லீக் டீம் எடுத்திருக்கிறது.

"பாயணும்னா ஒரு அமுக்கு, வேணாம்னா ரெண்டு. கைக்கு இன்னா பாஷ?" என்றார் தாடிக்காரர்.

"அத்த வுடு மச்சி. செலக்சன் அன்னிக்கு நீ வேணாம்னு ரெண்டு அமுக்கு அமுக்குன. நான் கேக்கல. உன் கைய உதறிட்டு ஒண்டியா பாஞ்சு, ரெய்டு வந்தவன் கணுக்காலப் புடிச்சேன். அதப் பாத்துதான் என்னிய எடுத்தாங்க. உன்னிய மதிக்காம போய்ட்டேன்னு பேஜாரா கீது."

மீஞ்சூர் வந்ததும் தாடிக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என் புடிய உதற உன்னால ஆவுமா? என்னிக்காச்சும் உதறிகிறியா?"

"அப்போ?"

"நீ பாயக் கெளம்பிட்ட. ரெண்டு பேரும் சேந்து புடிச்சா, எவன் புடிச்சான்னு செலக்சனுக்கு வந்தவனுக்கு எப்டித் தெரியும்? நான்தான்டா கைய வுட்டேன்."