ஜீப்பு டாப்ப ஏன் வீட்டுக்குள்ள வெச்சேன்னா

அப்படி இல்ல சார், கொஞ்சம் ஒருக்களிச்சுப் பிடிங்க. ஆங், அப்படித்தான். நேரா தூக்குனா நிலையில இடிக்கும். வாசல் அகலம் ரெண்டே முக்கால் அடி, இந்த ஜீப்பு டாப்பு படுத்த வாக்குல நாலரை. சிரிக்காதீங்க, நான் தொழில்ல சர்வேயர். ஊர்ல உள்ளவன் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாம அளந்து கல்லு நடுறவன். என் வீட்டு வாசல அளக்காம இத உள்ள கொண்டுவந்தேன். கடைசில கதவயே கழட்ட வேண்டியதாப் போச்சு.

இருங்க, மூச்சு வாங்கிக்கோங்க. தப்பா நினைக்காதீங்க, மருந்துக்கடை வெச்சிருக்கீங்க, இருமல் டானிக்குக்கு மேல வெயிட்டு தூக்கிப் பழக்கம் இருக்காது. அவசரம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வேண்டிய பெட்டி இதுக்குப் பின்னாலதான் இருக்கு, அது எங்கயும் ஓடிடாது. அதுல இருக்கிற சர்டிபிகேட்ட புது வேலைல கேக்கிறாங்கன்னு அவ போன் பண்ணா. டாப்பு மறைக்குது, எடுக்க முடியாதுன்னேன். மறுபடி பண்ணா. முதுகு வலின்னேன். மூணாவது தடவ நான் எடுக்கவே இல்ல. நாலாவதா பாத்தா வாசல்ல நீங்க நிக்கிறீங்க! உங்க வீட்டம்மா கெட்டிக்காரி சார். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்க வீட்டம்மா, அதனால எனக்கும் கொஞ்சம் தெரியும்.

சரி, தூக்குங்க. நான் பின்னால நடக்கிறேன், நீங்க முன்னால பாத்து வாங்க. சோபா இருக்கு. இடதுபக்கம் சார், என் இடது இல்ல, உங்க இடது. போச்சு. பரவால்ல விடுங்க, அது ஏற்கெனவே உடைஞ்ச பூந்தொட்டிதான். இல்ல, இப்பதான் உடைஞ்சுது. பரவால்ல.

இத ஒத்தையா கழட்ட முடியுமான்னா, கழட்டலாம், தூக்க முடியாது. ஆறு போல்ட்டு பக்கவாட்டுல, முன்னாடி ரெண்டு கொக்கி, அவ்வளவுதான். ஆனா பின் கண்ணாடி வைப்பருக்கு ஒரு வயரு போகும். அத முதல்ல பிடுங்கணும். கழட்டுன அன்னிக்கு மச்சான்தான் அந்தப் பக்கம் பிடிச்சான். அவ தம்பி, உங்களுக்குத்தான் தெரியுமே. வயரப் பிடுங்குடான்னு நான் சொன்னேனாம், பிடுங்கிட்டேன்னு அவன் சொன்னானாம். தூக்குனோம் பாருங்க, வயரு டிங்குன்னு இழுத்து, டாப்பு திரும்பி, அவன் அப்படியே பின்னால போய் உக்காந்துட்டான். நல்லவேளை, செடிக்கு வெட்டி வெச்ச குழி. இன்னிக்கும் என்னைப் பாத்தா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நொண்டுவான். நடிப்பு சார். நேத்துகூட பஸ்ஸுக்கு ஓடுனான், நானே பாத்தேன்.

படி இருக்கு, பாத்து. ஒண்ணு, ரெண்டு. ஆச்சு. இங்க இறக்குங்க, அந்தப் போர்வை மேல. கீழ வெச்சா ரப்பரு நசுங்கிடும்.

கேளுங்க சார், பரவால்ல, எல்லாரும் கேக்கிறதுதான். ஷெட்டு இருக்குல்ல, அங்க வெக்கலாமே, எதுக்கு வீட்டுக்குள்ளன்னுதானே? கோர்ட்டுலயே கேட்டாங்க. அவ போட்ட டைவர்ஸ் மனுவுலயே அது இருந்துச்சு. எதிர்மனுதாரர் தன் வாகனத்தின் மேற்கூரையைக் கழற்றி வீட்டின் அறைக்குள் வைத்து, மனுதாரருக்கு மிகுந்த மன உளைச்சல் கொடுத்தார்னு. வக்கீலு வாசிக்கிறப்ப பின்னாடி உக்காந்திருந்த கூட்டம் அடக்க முடியாம சிரிக்குது. குடிச்சான், அடிச்சான்னு வரிசையா கேட்டு அலுத்துப்போன கோர்ட்டு, பாவம். ஜட்ஜம்மா மூக்குக்கண்ணாடிய இறக்கிட்டு என்னைப் பாத்தாங்க. எதுக்குப்பா உள்ள வெச்சேன்னாங்க. வெளிய வெச்சா கீறல் விழும்மான்னேன். ஜட்ஜம்மாவே சிரிச்சுட்டாங்க. சிரிக்காத ஒரே ஆளு அவதான்.

இப்ப தூக்கி ஜீப்பு மேல உக்கார வெக்கணும். தலைக்கு மேல போகணும் சார், கைய நல்லா நீட்டுங்க. தாங்குங்க. தாங்குங்க. முன்னாடி அந்த ஓரத்துல உக்காரணும், இன்னும் ஒரு விரக்கடை. அப்பாடா. பாத்தீங்களா, அஞ்சு வருஷம் ஆகியும் அச்சு மாறாம உக்காருது.

ஆமா, அஞ்சு வருஷம் டாப்பில்லாமத்தான் ஓட்டுனேன். மழையிலயும்தான். ரெயின்கோட்டு, தலைல ஹெல்மெட்டு. ஜீப்புக்குள்ள ஹெல்மெட்டு போட்டவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான். டிராபிக் போலீஸ்காரரு ஒருத்தரு மடக்கி நிறுத்திட்டாரு. சட்டப்படி இதுல எதையாவது தப்புன்னு சொல்லலாமான்னு பத்து நிமிஷம் சுத்திச் சுத்தி வந்தாரு. கிடைக்கல. போய்த் தொலைன்னுட்டாரு. காக்கா எச்சம், மாங்கா, ஒரு தடவ சிக்னல்ல பஸ்ஸுலருந்து ஒருத்தன் துப்புனது, எல்லாம் நேரா உள்ளதான். நிலம் அளக்கக் கூப்பிட்டவங்க என்னைப் பாத்துட்டு, சார் ரொம்ப ஸ்டைலுன்னாங்க. சளி பிடிச்ச ஸ்டைலு. உங்க கடைலதான் மாத்திரை வாங்குவேன். அப்ப நீங்க யாரோ, நான் யாரோ.

அந்த ஸ்பேனர எடுங்க. மழைக்காலம் வந்தா அவ தினமும் ஆரம்பிப்பா. மாட்டித் தொலைங்களேன், நனையுறது நீங்கதானே, எனக்கென்ன வந்துச்சுன்னு. ஞாயித்துக்கிழமை மாட்டுறேன்பேன். ஞாயித்துக்கிழமை வந்தா போல்ட்டக் காணோம்பேன். போல்ட்டு என் சட்டைப் பையிலதான் இருக்கும். ரெண்டரை வருஷம் ஞாயித்துக்கிழமையா ஓட்டிட்டேன். கடைசில ஒருநாள், இந்த டாப்பா நானா சொல்லுங்கன்னா. நான் பையில கிடந்த போல்ட்ட உருட்டிக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான் சார், அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. போதும், மரை கழண்டுடும்.

வாங்க, பெட்டிய எடுத்துக்கலாம். பச்சை டிரங்குப் பெட்டி, ஜன்னலுக்குக் கீழ இருக்கும். நீங்க போய் எடுங்க, நான் இப்படி ரூம் வாசல்லயே நிக்கிறேன். இல்ல இல்ல, முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

எது? சுவரா? ஆமா, பாதிதான் மஞ்சள். மீதி பழைய சுண்ணாம்பு. பெயின்டு தீர்ந்து போகல சார். நான்தான் அடிச்சுக்கிட்டு இருந்தேன், ஸ்டூல் மேல ஏறி நின்னு. அவள செக்கப்புக்கு மச்சான் கூட்டிட்டுப் போயிருந்தான். எட்டாம் மாசம். திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு வேகவேகமா அடிச்சேன். ஜன்னல்கிட்ட வர்றப்ப போன் வந்துச்சு. மச்சான்தான். மாமா வாங்கன்னான். என்னடான்னேன். வாங்கன்னான்.

குழந்தை விஷயம் உங்ககிட்ட சொல்லியிருப்பாளே? சொன்னாளா. நல்லது. சொல்லணும்.

ஆஸ்பத்திரியிலருந்து வந்து பத்து நாள் இருக்கும். தொட்டில கடைக்கே திருப்பிக் கொடுத்துட்டோம். ரூம் காலி. சமையக்கட்டுக்குப் போனாலும் பாத்ரூமுக்குப் போனாலும் இதத் தாண்டித்தான் சார் போகணும். கதவத் திறந்து வெச்சா உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியுது. சாத்தி வெச்சா அதவிட மோசம். பதினோராம் நாள் காலைல மச்சானக் கூப்பிட்டு, வாடா டாப்பக் கழட்டலாம்னேன். வீட்டுல இருந்ததுலயே பெரிய சாமான் அதுதான். ஒரு ரூம அடைச்சுக்கிற மாதிரி வேற எங்கிட்ட என்ன இருக்கு? அதுக்கப்புறம் அது டாப்பு வெக்கிற ரூமாயிடுச்சு. தாண்டிப் போறது சுலபமாயிடுச்சு. மாட்டுனா மறுபடி காலியாயிடும்ல.

அவகிட்ட சொன்னதில்ல. பிள்ளைக்கு வெச்ச ரூம குடோன் ஆக்கிட்டான், கல்நெஞ்சக்காரன்னு நினைச்சா. நினைக்கட்டும்னு விட்டேன். அவளுக்கு அங்க போய் ஒரு மூலைல உக்காந்து அழணும்போல இருந்திருக்கும். உக்கார இடமில்லாமப் பண்ணிட்டேன். இதெல்லாம் அவ போனதுக்கப்புறம்தான் புத்திக்கு வந்துச்சு. அன்னிக்கு கோர்ட்டுல ஜட்ஜம்மா கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்துச்சு. கீறல்னு சொல்லிட்டேன்.

அவகிட்ட சொல்லட்டுமான்னா கேக்கிறீங்க? தெரியல சார். சொல்லுங்க. இல்ல, வேணாம். உங்களுக்கு எப்படித் தோணுதோ.

இருங்க, இருங்க, அப்படித் தூக்காதீங்க, அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. ஒத்தை ஆளால ஆகாது. நகந்துக்கோங்க, நானும் உள்ள வர்றேன்.