பழையபடி பழுதாக்கியது

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

தர்மபுரத்தில் ரேடியோ, அம்பிளிபயர் எது பழுதானாலும் என் கடைக்குத்தான் வரும். ஜனார்த்தனனும் அப்படித்தான் வந்தான். கோயில் திருவிழாக்களில் அவன் சிந்தசைசர் என்ற மின்சாரக் கீபோட் வாசிப்பான், மனைவி கஜனி பாடுவாள். வெளிநாட்டு மாமன் ஒருவர் அனுப்பிய, அவனைவிட வயது கூடிய இரும்புப் பெட்டி அது. சுரத்தை மெல்ல அசைக்கும் மொடியுலேஷன் பகுதி குழம்பிவிட்டது. அசைவு ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் நொண்டுகிறது என்றான்.

அந்தச் சேர்க்கிட்டோடு படாத பாடு பட்டேன். ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டு போனால், கடைசியில் அகப்பட்டது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கிழட்டுக் கெப்பாசிற்றர். சூடேறினால் கசியும், உடனே அசைவு தடுமாறும். புதிதாக ஒன்றைப் போட்டேன். சுரம் அளந்து வைத்த மாதிரி அசைந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனார்த்தனன் வந்து வாசித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"அண்ணை, முந்தி அழுற மாதிரி இருந்தது. இப்ப மிசின் மாதிரிக் கிடக்கு. கோவிக்காதேங்கோ, பழையபடி பழுதாக்கித் தாங்கோ."

என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாடிக்கைக்காரன் அல்லவா, மறுநாள் வரச் சொன்னேன்.

கேட்டபடியே பழைய கெப்பாசிற்றரைத் திரும்பவும் பூட்டினேன். கேட்காத ஒன்றையும் செய்தேன்: மின்சாரம் இரும்பு மூடிக்கு வரும்படி ஒரு கம்பியை மாற்றினேன். காய்ந்த தரையில் செருப்போடு நிற்பவனுக்கு அது தெரியவராது. அவனும் கடையில் நின்று வாசித்து, சந்தோசப்பட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். கோயிலில் யாரும் செருப்போடு நின்று வாசிப்பதில்லை. பூநகரிக் கோயில் திருவிழாவன்று மழையும் தூறியிருந்தது, மணல் நல்ல ஈரம். மற்றதை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்கள்.

திருத்தியவர் கம்பியைப் பிழையாகப் பூட்டிவிட்டார், கவனக்குறைவு, விபத்து என்று பொலிஸ்காரர் நீங்களும் முடித்துவிட்டீர்கள். பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் இருந்தவர்கள் எனக்கு வயது போய்விட்டது, கண் தெரிவதில்லை என்று கதைத்தார்கள். என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். கஜனி வயிற்றுப்பிள்ளைக்காரி, நிற்கவும் முடியாமல் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, நீங்கள் தெரியாமல் விட்ட பிழைதானே. நான் உங்களைக் குறை சொல்லமாட்டன்."

தெரியாமல் என்கிறாள். அவளுடைய நல்ல மனதை நான் மதிக்கிறேன், ஐயா. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று தெரியாதவனா நான்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜனார்த்தனனை நான் வேண்டுமென்றே கொன்றேன். கவனக்குறைவு என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதிவிடாதீர்கள். கஜனிக்கும் யாரையாவது அனுப்பி, எனக்கு வேலை தெரியும் என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் அவளுக்கும் மனம் ஆறும்.