வீப்ரனுக்கு ஒரு பலகை

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடாமல் வைத்திருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கே ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

இந்த ஊர்த் துறைமுகத்தில் நூலகமும் நாடக அரங்கும் சேர்ந்த கட்டடத்தை வடிவமைக்க நான் ஆறு வருடம் உழைத்தேன். அதன் உயிரே முன்படிகள்தான். அகலமாக விரிந்து தண்ணீருக்குள் இறங்கும். கோடையில் ஊரே உட்கார்ந்து கால் நனைக்கலாம். படிகள் இறங்கவேண்டிய இடத்தில் ஒரு வீட்டுப்படகு நின்றது. அதில் வீப்ரன் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர் தனியாக இருந்தார். துறைமுகத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கலாம் என்பது நகரசபையின் நிபந்தனை. நாற்பது பேர் போட்டுவிட்டார்கள். பாக்கி அவர் ஒருவர்தான்.

குடியிருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வடிவத்தை மாற்றுவதுதான் என் தொழில். பதினாறு கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தினேன். ஒவ்வொன்றுக்கும் நீல நுரைப்பலகையில் புது மாதிரி வெட்டிக்கொண்டு போவேன். வீப்ரன் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

"ஏன்யா ரூலோஃப், போன தடவை சீஸ் கட்டி. இந்தத் தடவை எலி கடிச்ச சீஸ் கட்டியா?" என்பார். கூட்டமே சிரிக்கும். நானும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

"படகை முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தினாப் போதும், ஐயா."

"உன் கட்டடத்தை நீ முப்பது மீட்டர் தள்ளிக் கட்டேன். என் பொண்டாட்டி செத்தது இந்த ஜன்னல் ஓரத்துல. நான் அசையறதா இல்ல."

அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமைகளில் அவர் வைக்கும் பட்டாணி சூப் குடிக்கப் போவேன். அப்போதுதான் கரையிலிருந்து படகுக்கு ஏறும் பலகையைக் கவனித்தேன். வழுக்காமலிருக்கக் குறுக்கே மரச்சட்டங்கள் அடித்து, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கயிறும் கட்டியிருந்தார். பார்க்கவே அவலட்சணம். புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன்.

"லஞ்சமா?"

"பிறந்தநாள் பரிசு."

"அப்பச் சரி. கையெழுத்து மட்டும் கேக்காத."

நான் கேட்கவில்லை.

எதையும் முறையாகச் செய்வது என் வழக்கம். முதலில் அவர் நடையைக் கவனித்தேன். இடது காலைச் சற்று இழுத்து வைப்பார். காலை ஏழரைக்கு ரொட்டி வாங்கக் கிளம்புவார். பிறகு ஏழு மாதிரிகள் செய்தேன், ஒன்றைவிட ஒன்று சரிவு கூடுதலாக. நல்ல ஓக் மரம், இழைத்து எண்ணெய் பூசியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஈரச் செருப்போடு நானே ஒவ்வொன்றிலும் நடந்து பார்த்தேன். ஆறில் விழவில்லை. ஏழாவதில் விழுந்தேன். அதையே கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

"அடேயப்பா, அரண்மனை வாசல் மாதிரியில்ல இருக்கு! உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்யா" என்று கட்டிக்கொண்டார். பிறகு, "கை புடிச்சுக்க ஒண்ணுமில்லையே?" என்றார்.

"அது அடுத்த வாரம் வந்துடும்."

நம்பினார். உறைபனி அதற்கு முன்பே, புதன்கிழமை வந்தது. படகுக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் விழுந்தார். நான் எதிர்க்கரையில் நின்றிருந்தேன். ஒரு வடிவம் சரியாக வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்காமல் விடுவதில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான்கு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நான் அலுவலகத்துக்குப் போனேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் ஒளிக்க எதுவுமில்லை. ஆனால் திறப்பு விழாவன்று நீங்கள் வந்திருக்க வேண்டும். படி நிறைய ஜனம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எதிர்ப்பு என்று ஒரு குரல்கூடக் கிடையாது. கேட்கத் தெரிந்த ஒருவன் வடிவமைத்தால் எல்லோருடைய சம்மதமும் கிடைத்துவிடும், இன்ஸ்பெக்டர்.