கதவுக்கு வெளியே வந்தவர்கள்

"ஹலோ... ஹலோ, யாரு? ... மாமாவா! சொல்லுங்க மாமா... ஆமா, ஆமா, பார்த்தேன். கிழடு கட்டைங்க, நோயாளிங்க, கைக்குழந்தைக்காரிங்க... எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்க."

நகரத்தை வளைத்திருந்த படையின் தளபதி அவன். மறுமுனையில் இருந்தவர் அக்காவின் கணவர். முன்பு அவனுக்கு இலக்கண வாத்தியார். இப்போது நகரத்தின் காவல் அவர் பொறுப்பில்.

"வழி விடறதா? ... எதுக்கு? ... நான் வழி விட்டா அவங்க சாப்பாடு உங்களுக்கு மிச்சம். இன்னும் நாளைக் கடத்துவீங்க. உங்களுக்குப் பந்தி பரிமாறவா வந்திருக்கேன்? ... மனுஷத்தன்மையா? கதவைச் சாத்தினது நானா? ... ம்... ம்... முற்றுகைன்னா என்னன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? முற்றுதல்னா சூழ்றது, பழுக்கறது, முடிஞ்சுபோறது. நான் சூழ்ந்துட்டேன். பழுக்கட்டும்னு காத்திருக்கேன். கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்... அட, அழாதீங்க மாமா... என்னது?"

நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அக்காவா? ... அவ எப்படி அந்தக் கூட்டத்துல? ... அவளே போனாளா? ... 'என்னைப் பார்த்தா தம்பி எல்லாருக்கும் வழி விடுவான்'னு... அவளா சொன்னா?"

ஜன்னலுக்கு வெளியே, முள்வேலிக்கு அப்பால், அறுத்த வயலில் அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"கதவைத் திறந்து கூட்டிக்குங்க... ஏன் முடியாது? உங்க பொண்டாட்டி மாமா! ... ஆமா, ஆமா, என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவதான், இல்லேங்கல... சரி. அவளை மட்டும் விடறேன். ... மத்தவங்க அங்கேயே கிடக்கட்டும். ... தனியா வர மாட்டாளாமா?"

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப அவ இஷ்டம். ... இல்ல, தண்ணியும் கிடையாது. ... கத்தாதீங்க. உங்க பிடிவாதம் உங்களுக்கு, என்னோடது எனக்கு... ஒரு நிமிஷம், இருங்க."

வாசலில் ஒரு சிப்பாய் தயங்கி நின்றான். தளபதி ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"என்னடா? ... வேலிகிட்டயா? ... பொம்பளையா? ... என்னன்னு கூப்பிடறா? ... 'தம்பி'ன்னா கூப்பிடறா?"

சிப்பாய் உத்தரவுக்குக் காத்திருந்தான்.

"வேலிகிட்ட வந்தா சுடணும்னு சொன்னேனா இல்லையா? யாரா இருந்தாலும்னு சொன்னேனா இல்லையா? ... அப்புறம் என்ன? போ."

ரிசீவரை மறுபடி காதில் வைத்தான்.

"ஒண்ணுமில்ல மாமா, ஆளுங்ககிட்ட பேசினேன்... சொல்லுங்க... ஆமா... ஆமா..."

வெளியே ஒரே ஒரு வெடிச்சத்தம். அது கம்பி வழியே அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா? ... ஹலோ? ... ஹலோ?"

லைன் அறுந்திருந்தது.