கார்விக் பசங்க தோக்கவே இல்ல

— கயித்தப் பிடிடா.

— மாட்டேன்ணே.

— ஆர்லின், பந்தயம்னா பந்தயம். நம்ம கார்விக் காலேஜ் ஃபுட்பால் பசங்க தோப்பாங்கன்னேன், ஜெயிச்சுட்டாங்க. மேபல் இனிமே உன் நாய். பிடி, கை விறைக்குது.

— நாயப் போய் எவனாவது பந்தயத்துல வைப்பானா? காலைல நீ சொன்னப்ப வெளையாட்டுக்குன்னுல்ல நெனச்சேன்.

— வெளையாட்டு மைதானத்துக்குள்ள. இங்க வண்டிகிட்ட நின்னு கை குலுக்கினோம்ல? அப்புறம் என்ன?

— பாரு, அது உன் காலடிய விட்டு நகரவே மாட்டேங்குது.

— சாஸேஜ் வாசனைக்கு நிக்குதுடா. ஒரு துண்டு பிச்சுப் போடு, உன் பின்னாலயே வந்துடும். நன்றியாவது ஒண்ணாவது.

— வெண்டல் அண்ணே... உனக்கு என்னதான் ஆச்சு இந்த வருஷம்?

— என்ன ஆச்சு? பத்து ஆட்டம், பத்து பந்தயம், பத்தும் தோத்தேன். அதான் ஆச்சு.

— மொத வாரம் வெல்டிங் மெஷின். அப்புறம் படகு. அப்புறம் அப்பாவோட துப்பாக்கி. போன வாரம் டிராக்டர். முப்பது வருஷமா ஒரு பாட்டில் பீரத் தாண்டி நாம கட்டினதில்லண்ணே.

— பெருசாக் கட்டலாம்னு ஆரம்பிச்சு வச்சது யாரு? 'பீரெல்லாம் போதும்ணே, இந்த வருஷம் கொஞ்சம் துணிஞ்சு கட்டுவோம்'னு...

— சொன்னேன்...

— சொன்னதோட விட்டியா? எடுத்த எடுப்புல உன் பங்கு நிலம், ஓடைக்கரை எம்பது ஏக்கரத் தூக்கி வச்ச. நான் ஆடிப்போயிட்டேன். அன்னிலேருந்து வாரா வாரம் அதே எம்பது ஏக்கர்.

— சரி, அத விடு...

— எப்படி விடறது? வாய் முந்தினவனுக்குத்தானே தோக்கற பக்கம்? எத்தன வருஷம் நான் வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஓடி வந்து, 'தோப்பானுங்க!'ன்னு கத்தி எடத்தப் பிடிச்சிருப்ப! பிந்தினவன் தலையெழுத்தேன்னு ஜெயிக்கற பக்கம் போகணும். இந்த வருஷம் நீ வாயே தொறக்கல. நான் நிதானமா காபி குடிச்சு முடிச்சு, 'தோப்பானுங்க'ன்னேன்.

— நம்ம ஊர்ல எவன்தான் அப்படிச் சொல்லல? அதோ பாரு, முடிவெட்டற ஃப்ளாய்டு. நம்ம டீம் இருபது பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கு, எழவு வீட்டுலேருந்து வர்ற மாதிரி வர்றான்.

— இரு, இரு... ஃப்ளாய்டு! என்னப்பா, பத்துக்குப் பத்து! ...கேட்டியா? 'அடுத்த வாரம் தெரியும் சேதி'யாம். ரெண்டாவது ஆட்டத்துலேருந்து இதே பாட்டு.

— பேச்ச மாத்தாதண்ணே. நாய ஏன் வச்ச?

— வேற என்னடா மிச்சம் இருக்கு வைக்க?

— ஓப்பல் அண்ணிக்குத் துணையாவாவது இருந்திருக்கும்ல இது...

— துணையா? நான் எங்கடா போறேன்? என்னடா மூஞ்சிய அப்படி வச்சிருக்க?

— எங்க போறண்ணே? நீயே சொல்லு.

— ...அந்தக் கடுகு சாஸ் பாட்டில எடு.

— எதுக்கு? காலைலேருந்து ஒரு வாய் கடிக்கல நீ. கைல வச்சிருந்தத எல்லாம் நாய்க்குத்தான் போட்ட. பாத்துட்டுத்தான் இருந்தேன்.

— ...சரி. வண்டியோட பின்பலகைய இறக்கு. உக்காரு. உக்காருடா, சொல்றேன்.

— உக்காந்துட்டேன்.

— மே மாசம் விச்சிட்டா போயி டாக்டரப் பாத்தேன். கணையத்துல கட்டியாம். ஹூஸ்டன்ல ஒரு எடம் சொன்னாங்க. அக்டோபருக்குள்ள அறுத்தா ஏதோ பாதிக்குப் பாதி பொழைக்கலாம்னாங்க. இன்சூரன்ஸ் கட்டறதத்தான் எப்பவோ விட்டாச்சே. என் நிலத்த வித்தாத்தான் ஆகும். வித்துட்டு நான் பொழச்சு வந்து என்ன பண்ண? பொழைக்காட்டி ஓப்பல் எதத் திம்பா? வேணாம்னுட்டேன்.

— இப்ப... இப்பப் போனா?

— தாண்டிடுச்சுடா. ஈரலுக்குப் போயிடுச்சு. போன செவ்வாய்க்கிழமதான் சொன்னாங்க.

— செவ்வாய்க்கிழமையா?

— ஏண்டா, கிழம தெரிஞ்சு என்ன பண்ணப்போற? ...டேய். இங்க பாரு. ஊர்க்காரன் எல்லாம் போறான், மொகத்தத் தொடச்சுக்க.

— அதான் ஒவ்வொண்ணா எங்கிட்டத் தள்ளி விட்டியா?

— சும்மா குடுத்தா வாங்குவியா நீ? ஏன், எதுக்குன்னு நோண்டி நோண்டிக் கேப்ப. பந்தயத்துல தோத்தா கேள்வி கெடையாது. ஜெயிச்சவன் ஏத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பான். நான் இருக்கும்போதே அதெல்லாம் உன் கொட்டகைல நிக்கறதப் பாத்துட்டேன், எனக்கு நிம்மதி.

— அப்ப இவனுங்க ஜெயிப்பானுங்கன்னு... உனக்குத் தெரியுமா?

— ஆகஸ்ட்லயே தெரியும். பயிற்சி மைதானத்துல வாரம் ரெண்டு தடவ புல்லு வெட்டறது யாரு? நான்தானே? அந்த முன்வரிசப் பசங்க அஞ்சு பேரும் அஞ்சு தானியக் கிடங்குடா. அவங்களத் தாண்டி எவன் போவான்? அந்தச் செவப்புத் தலைப் பையன் முட்டப் பந்த எறியறப்போ மெஷின நிறுத்திட்டு நின்னு பாத்திருக்கேன். முப்பது வருஷத்துல இப்படி ஒரு டீம் நமக்கு வாய்ச்சதில்ல.

— ஒருத்தர்கிட்டயும் நீ மூச்சு விடலியே...

— விட்டா? வாயக் கழுவுன்னு வெரட்டியிருப்பாங்க. ஜெயிக்கும்னு சொன்னா இந்த ஊருக்கு ஆகாதே. இவங்க நம்பாததும் எனக்கு வசதியாப் போச்சு. தோப்பானுங்கன்னு நான் சொன்னா எவனுக்குச் சந்தேகம் வரும்?

— கடவுளே...

— ஒண்ணு சொல்றேன் கேளு. ஊரே அந்தப் பசங்கள மட்டமாப் பேசினப்ப நீ ஒருத்தன் நம்பின பாரு, அதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாரா வாரம், அப்பா விட்டுட்டுப் போன நிலத்த வச்சு! 'தம்பி கண்ணு லேசுப்பட்டதில்லடி'ன்னு ஓப்பல்கிட்டச் சொன்னேன். அவ ஒண்ணுமே பேசல, பாத்திரத்தக் கழுவிக்கிட்டே இருந்தா.

— அண்ணி... ஒண்ணும் சொல்லலியா?

— என்ன சொல்லுவா? பந்தயம்னாலே அவளுக்குப் பிடிக்காது. ஆனா இன்னிக்கு நானே பாத்தேன். நம்ம பசங்க கடைசி டச்டவுன் போட்டப்ப சுத்தி எல்லாரும் கோட்டு மாட்டிக்கிட்டிருந்தாங்க, நீ மட்டும் மொகத்தப் பொத்திக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழற. ஆனந்தக் கண்ணீர்னா இதான்னு நெனச்சுக்கிட்டேன்.

— ஆனந்தமா...

— பின்ன என்னடா?

— அண்ணே, நான் இவனுங்கள ஒரு நாளும் நம்பினதில்ல. அண்ணி ஆகஸ்ட்லயே எங்கிட்ட வந்து அழுதுட்டாங்க. பணத்த உன் கைல குடுத்தா வாங்குவியா? ஆலங்கட்டி மழைல உன் பயிர் போன வருஷம் நான் கொண்டாந்த வெதக் கோதுமைய அன்னிக்குச் சாயங்காலமே திருப்பி எறக்கிட்டுப் போன ஆளுதானே நீ? பந்தயத்துல ஜெயிச்சா வாங்கித்தானே ஆகணும், நீ ஓடைக்கரைய வித்து ஹூஸ்டன் போயிடுவன்னுதான்... இந்தப் பயலுங்க எப்பவும் போல தோப்பானுங்கன்னு நெனச்சுத்தாண்ணே வச்சேன். இந்த வாரம் இல்லாட்டி அடுத்த வாரம், அடுத்த வாரம்னு பத்து சனிக்கிழம அங்க உக்காந்து எதிராளி ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்... அக்டோபருக்குள்ள ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு ஆட்டம் தோத்திருக்கக் கூடாதாண்ணே இவனுங்க?